கண்ணாடிக்குள் வயது ஏறாது

மும்பை மாதுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மாமா ஒருவர், கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த தம் தந்தையார் விட்டுச்சென்ற கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தி பாட்டிலைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினார். "அப்பா காலத்துலேர்ந்து பீரோவுலயே இருக்கு, நன்னா வயசாகியிருக்கும், என்ன விலை போகும்?" என்று கேட்டார். பழைய மதுவைக் கையில் வைத்திருக்கும் பலருக்கும் இருக்கும் தவறான நம்பிக்கை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. கோன்யாக்குக்குப் பாட்டிலுக்குள் வயது ஏறுவதில்லை. மரத்துக்குள் இருக்கும்வரைதான் ஏறும்.

பிரான்ஸின் தென்மேற்கே, ஷராந்த் ஆற்றை ஒட்டிய கோன்யாக் வட்டாரத்தில், வெள்ளைத் திராட்சை ஒயினைச் செம்பு வாலையில் இருமுறை வடிக்கிறார்கள். ஏறத்தாழ 70 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட நிறமற்ற திரவம் கிடைக்கிறது. அதை ஓக் பீப்பாயில் ஊற்றியதும் மரத்தின் துவர்ப்புப் பொருளான டானின் அதில் கரைகிறது; மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் மெல்லச் சிதைந்து வெனிலா மணம் தரும் வனிலின் பிறக்கிறது; மரத்தின் நுண்துளைகள் வழியே ஆக்சிஜன் உள்ளே கசிய, ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகி வெளியேறுகிறது. தேவதைகளின் பங்கு என்று அவர்கள் சொல்லும் அந்த ஆவியைத் தின்று வளரும் பூஞ்சை, கிடங்குகளின் சுவர்களையே கருக்க வைக்கிறது. பல பத்தாண்டுகள் கழிந்தால் கொழுப்பு அமிலங்கள் கீட்டோன் என்ற சேர்மங்களாக மாறி, வால்நட்டையும் காளானையும் நினைவூட்டும் ரான்சியோ என்ற மணம் எழுகிறது. இதற்கு மேல் மரம் வேண்டாம் என்று கிடங்கு நிபுணர் முடிவு செய்தால், சரக்கைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றி முதிர்ச்சியை அங்கேயே நிறுத்திவிடுகிறார். 1900இல் வடித்து 1910இல் பாட்டிலில் அடைத்த கோன்யாக்குக்கு, ஆகவே, இன்றைக்கும் வயது பத்துதான்.

மதிப்பிடுபவர் முதலில் பார்ப்பது திரவத்தின் மட்டத்தை. 40 விழுக்காடு ஆல்கஹால் தக்கையை அரிக்கும் என்பதால் கோன்யாக்கை ஒயினைப் போலப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி வைத்தாலும் வெப்பம் ஏற ஏற உள்ளே ஆவியின் அழுத்தம் கூடி, தளர்ந்த தக்கை வழியே அது கசியும். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். மும்பைக் கோடையில் சமையலறைச் சுவரை ஒட்டி நின்ற மாமாவின் பாட்டிலில் மட்டம் கழுத்தை விட்டுத் தோளுக்கு இறங்கியிருந்தது. விலையை இதைவிட விரைவாகக் குறைப்பது வேறொன்றுமில்லை.

லேபிளின் ஓரத்தை இராமபாணப் பூச்சி தின்றிருந்தாலும் 70 டிகிரி புரூஃப் என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அது பழைய பிரிட்டிஷ் அளவு, இன்றைய கணக்கில் 40 விழுக்காடு, 1980இல் வழக்கொழிந்தது. பார்கோடும் இல்லை. ஆகவே பாட்டில் அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும். நெப்போலியன் என்ற சொல்லைக் கண்டு மாமா பேரரசரையே நினைத்திருந்தார். இன்றைய விதிப்படி அது குறைந்தது 6 ஆண்டு மரத்தில் இருந்ததைக் குறிக்கும் தரப்பெயர், அவ்வளவுதான். நிறத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏனெனில் கேரமல் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது.

லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் பாட்டில்களுக்கு அணுக்கருவே சாட்சி சொல்கிறது; இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். ஆல்கஹாலில் உள்ள கார்பன், அந்தத் திராட்சை விளைந்த ஆண்டின் காற்றிலிருந்து வந்தது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கின; பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. சிறு மாதிரியை எடுத்து அளந்தால் போதும், குண்டுகளுக்கு முந்தைய திராட்சையா பிந்தையதா என்பது தெரிந்துவிடும். 1878ஆம் ஆண்டினது என்று சொல்லி ஸ்விட்சர்லாந்து விடுதியொன்றில் ஒரு மடக்கு 9,999 பிராங்குக்கு விற்கப்பட்ட விஸ்கி, 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் இப்படித்தான் வெளிப்பட்டது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சுமார் 1650 முதல் 1950 வரை கார்பன்-14 வரைகோடு ஏறியும் இறங்கியும் நெளிவதால், 1811ஐயும் 1870ஐயும் அதனால் பிரித்துக் காட்ட இயலாது. அங்கே பாட்டில் யார் வீட்டில், எந்தக் கிடங்கில் இருந்தது என்ற வரலாறுதான் கை கொடுக்கும். கோத்தியே என்ற நிறுவனத்தின் 1762ஆம் ஆண்டுக் கோன்யாக் பாட்டிலொன்று 2020இல் சாத்பீஸ் ஏலத்தில் 1,18,580 பவுண்டுக்குப் போனதற்கு, அது தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்ததும் ஒரு காரணம்.

மாமாவின் பாட்டிலை யாரும் போலி செய்யப்போவதில்லை. அதற்குச் சோதனை தேவையில்லை, பெரிய விலையும் கிடைக்காது. மேலும், மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி மதுவை வைத்திருக்கவே பெர்மிட் வேண்டும். விற்பதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். மாமாவிடம் முன்னது உண்டு, பின்னது இல்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்ட அவர், பாட்டிலை வெயில் படாத உள்ளறை அலமாரியில் நிமிர்த்தி வைத்து, மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளை நூலைச் சுற்றிக் கட்டினார். அடுத்த கோடை முடிந்ததும் நூலுக்கும் திரவத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பதாக இருக்கிறோம்.