பெயரை மாற்றியும் திறக்காத கதவு

தில்லி பழைய ராஜேந்திர நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் வரும் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழும்: "ஒரு நாடு நிபந்தனையெல்லாம் நிறைவேத்திட்டா ஒன்றியத்துல சேத்துக்கத்தானே சார் வேணும்?" கட்-ஆஃபைத் தாண்டினால் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்ற கணக்கில் நாளெல்லாம் படிப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஒன்றியத்தின் வாசலில் அந்தக் கணக்கு செல்லாது.

எழுதி வைத்த நிபந்தனைகள் தெளிவானவை. 1993இல் கோபன்ஹேகனில் வகுக்கப்பட்டபடி, நிலையான மக்களாட்சியும் சட்டத்தின் ஆட்சியும், போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரமும், ஒன்றியத்தின் சட்டத் தொகுப்பு முழுவதையும் ஏற்று நடத்தும் திறனும் வேண்டும். அந்தச் சட்டத் தொகுப்பு 35 அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த அத்தியாயத்தைத் திறக்கவும், பேசி முடித்து மூடவும், 27 உறுப்பு நாடுகளும் ஒருமித்துச் சம்மதிக்க வேண்டும்; இறுதி ஒப்பந்தத்துக்கும் ஒவ்வொரு நாடும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். அதாவது, தேர்வின் ஒவ்வொரு தாளிலும் 27 பேருக்குத் தடுக்கும் உரிமை இருக்கிறது.

பால்கன் பகுதியில் கிரீஸின் அண்டை நாடான வடக்கு மாசிடோனியாவைப் பார்த்தால் இதன் கனம் புரியும். 2005இல் மாசிடோனியா என்ற பெயரில் ஒன்றியத்தில் சேர்வதற்கான வேட்பாளர் தகுதி பெற்ற அந்நாட்டை, தன் மாகாணம் ஒன்றின் பெயரும் மாசிடோனியாதான் என்பதால் கிரீஸ் தடுத்துவந்தது. இணக்கம் காட்ட, 2018இல் தலைநகர் ஸ்கோப்யேயின் விமான நிலையத்திலிருந்து, கிரீஸ் தன்னவர் என்று கொண்டாடும் மகா அலெக்சாண்டரின் பெயர் எடுக்கப்பட்டது; அவர் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலைக்கு 'நட்பு' என்று பெயரிட்டார்கள். பிறகு நாட்டின் பெயரையே 'வடக்கு மாசிடோனியா' என்று மாற்றினார்கள். 120 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்தில் 80 வாக்குகள் தேவைப்பட்ட அந்தத் திருத்தம், 2019 ஜனவரியில் 81 வாக்குகளுடன் நிறைவேறியது. வண்டிகளின் எண் பலகையில் 'எம்கே' என்றிருந்த குறியீடும் 'என்எம்கே' ஆனது. ஒரு மக்கள் கூட்டம் தன் பெயரையே விட்டுக்கொடுப்பதைவிடப் பெரிய விலை எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், சேர்க்கை முறையையே முதலில் சீர்திருத்த வேண்டும் என்று சொல்லி, பேச்சுவார்த்தை தொடங்குவதைப் பிரான்ஸ் தடுத்தது. 2020இல் மொழி, வரலாறு தொடர்பான சர்ச்சையை முன்வைத்து பல்கேரியா தடுத்தது.

தடுப்பவர்களிடம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்ளே வந்துவிட்ட நாட்டைத் திருத்துவது கடினம். நீதித்துறைச் சீர்திருத்தம் முடியாமலே 2007இல் சேர்க்கப்பட்ட பல்கேரியாவையும் ருமேனியாவையும் ஒன்றியம் 2023 வரை தனியே கண்காணிக்க வேண்டியிருந்தது. பணமும் ஒரு காரணம். ஒன்றியத்தின் வரவுசெலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேளாண்மைக்குப் போகிறது. பரந்த விளைநிலம் கொண்ட உக்ரைன் நுழைந்தால் அந்தப் பங்கீடு புரண்டுவிடும். 2023இல் உக்ரைன் தானியத்தின் இறக்குமதிக்குத் தடை விதித்த நாடுகளில், போரில் அதன் பக்கம் உறுதியாக நின்ற போலந்தும் ஒன்று.

விண்ணப்பித்த நாட்டின் உள்ளேயும் ஒரு சிக்கல் வளர்கிறது. ஊழலை ஒடுக்குவதும் நீதிமன்றங்களைச் சீராக்குவதும் ஆட்சியில் இருப்பவருக்கு இன்றே இழப்பு. பலனோ பல ஆண்டுகள் கழித்து, வேறொருவர் ஆட்சியில் வரும். பலன் வருமா என்பதே ஐயமாகிவிட்டால், சீர்திருத்தம் பேசுகிறவர்கள் தேர்தலில் தோற்கிறார்கள். வடக்கு மாசிடோனியாவில் 2024இல் அதுவே நடந்தது.

பல்கேரியர்களைத் தன் அரசியலமைப்பில் ஒரு சமூகமாகச் சேர்த்தால்தான் மேலே பேச முடியும் என்பது இப்போது அந்நாட்டின் முன்னுள்ள நிபந்தனை. சேர்த்த பிறகு இன்னொரு நிபந்தனை வராது என்று யார் உறுதி தருவார்கள் என்று 2024 தேர்தலில் வென்று வந்த அரசு கேட்கிறது. இந்தத் திருத்தத்துக்கும் 80 வாக்குகள் வேண்டும்.