பழைய வால்வு ரேடியோவில் டிவி ஒலி: பிளக்கைச் சொருகும் முன்

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசியின் டிவி சேவை தொடங்கியது. படம் 45 மெகாஹெர்ட்ஸில், ஒலி 41.5 மெகாஹெர்ட்ஸில். ஒலி ஏஎம் (அலைவீச்சுப் பண்பேற்ற) முறை என்பதால், 7 மீட்டர் பேண்ட் (41.5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 7 மீட்டர்) உள்ள ரேடியோ இருந்தால் டிவி இல்லாமலே நிகழ்ச்சியைக் கேட்க முடிந்தது. சாதாரண சிற்றலை செட்டுகள் பெரும்பாலும் 16 மீட்டரோடு நின்றுவிடும், 7 வரை வராது.

படத்தை 405 கோடுகளாகப் பிரித்து அனுப்பிய அந்த 405 வரி ஒளிபரப்பு 1985 ஜனவரியில் நின்றது. இன்று சோதிக்க சிக்னல் ஜெனரேட்டர் (சோதனை சிக்னலை உருவாக்கும் கருவி) தான் வழி. ஏரியலில் விடாமல் கேபிள் வழியாக நேரே கொடுங்கள். காற்றில் அனுப்ப உரிமம் வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானது ஏசி/டிசி செட் (இரு வகை மின்சாரத்திலும் ஓடுவது). அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சாசி (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) நேரே மெயின்ஸின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். பிளக் திரும்பிவிட்டால் சாசியில் முழு 230 வோல்ட். குமிழின் திருகைத் தொட்டாலே போதும், ஷாக் அடிக்கும். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைப்பது) இல்லாமல் ஜெனரேட்டரின் எர்த்தை அதில் இணைக்கவே கூடாது. ஏரியல் முனையில் உள்ள பழைய கண்டென்சரைக் கழற்றி, ஒய் வகுப்புக் கண்டென்சர் (பாதுகாப்புத் தரம் பெற்றது) போடுங்கள்.

அடுத்தது, அவுட்புட் வால்வின் (ஒலிபெருக்கியை இயக்கும் வால்வு) கிரிட்டுக்கு, அதாவது அதன் கட்டுப்பாட்டு முனைக்குப் போகும் மெழுகுக் காகிதக் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும். வால்வு சூடேறி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். சோதித்துப் பார்க்காமல் நேரே மாற்றுவதே நல்லது: பொதுவாக 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட்.

மீடியம் வேவ் நன்றாகப் பாடியும் 7 மீட்டர் ஊமையாக இருந்தால் டிரிம்மரில் (டியூனிங்கை நுண்மையாகச் சரிசெய்யும் சிறு கண்டென்சர்) கை வைக்காதீர்கள். மிக்சர் வால்வு, வரும் சிக்னலை செட்டுக்குள் உருவாகும் ஆசிலேட்டர் அலையோடு கலப்பது; தேய்ந்தால் அது தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆசிலேட் செய்யும் (அலையை உருவாக்கும்), 41.5இல் நின்றுவிடும். முதலில் வால்வை மாற்றிப் பாருங்கள், பேண்ட் சுவிட்சின் தொடுமுனைகளைத் துடையுங்கள். அந்தப் பகுதியில் ஒயரை நகர்த்தினாலே டியூனிங் மாறிவிடும். புதுக் கண்டென்சரின் கால்கள் குட்டையாக இருக்கட்டும்.

ஒலி வந்து சிறிது நேரத்தில் நழுவினால் பயப்பட வேண்டாம். ஆசிலேட்டர் 0.1 சதவீதம் நகர்ந்தாலே கிட்டத்தட்ட 41 கிலோஹெர்ட்ஸ். குறுகிய ஐஎஃப் (கலந்தபின் கிடைக்கும் இடைநிலை அதிர்வெண்) பட்டை கொண்ட செட்டில் நிலையம் காணாமல் போக அது போதும். அரை மணி நேரம் சூடேற விட்டு டியூன் செய்யுங்கள்.

ஐஎஃப் 465 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரே சிக்னல் டயலில் 930 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு இடத்தில் கேட்கும். ஆசிலேட்டர் சிக்னலுக்கு மேலே ஓடும் செட்டில், அதிக அதிர்வெண் பக்கம் கேட்பதே சரியானது.