டூப்புதானே சார்?

பிசியோதெரபி மேசையில் படுத்திருக்கும் பையன்கள் வலியை மறக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கையை ஸ்லிங்கில் போட்டிருந்து, அப்புறம் என்னிடம் வந்த 14 வயதுப் பையன் ஒருவன். அவன் கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தேன். தோள் உயரத்துக்கு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "சார், அண்டர்டேக்கரை எதுக்கு சார் தோக்க வெச்சாங்க?"

அண்டர்டேக்கர், டிவியில் வரும் அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியான WWE-யின் நட்சத்திரம். அவர் தோற்ற அந்த மேட்ச் நடந்தபோது இவன் பால்குடி மறந்திருப்பானா என்பதே சந்தேகம். எல்லாம் யூடியூப் உபயம்.

எலும்பு எப்படி முறிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. பெரியப்பா பையன் கட்டில்மேல் நின்று இவனைத் தோளுக்குமேல் தூக்கிப் போட்டிருக்கிறான். மெத்தையில் விழ வேண்டியவன் தரையில் விழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தலையில் அடித்துக்கொண்டார்: "எல்லாம் டூப்பு, செட்டப்புன்னு நூறு தடவை சொல்லிட்டேன் சார்." (இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

எனக்கு அந்த 'டூப்பு' என்ற சொல்லோடுதான் சண்டை. டூப்பு என்றால் அடிபடாது என்றுதானே பையன் புரிந்துகொள்வான்? யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பது முன்கூட்டியே எழுதப்படுகிறது, உண்மை. 1989-லேயே, இந்த மல்யுத்த நிகழ்ச்சியை அப்போது நடத்திய வின்ஸ் மக்மேனின் நிறுவனம் நியூ ஜெர்சி மாநில செனட்டில் போய், இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு வாரியத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதற்காகச் சொன்னது அது. ஆனால் எட்டடி உயரத்திலிருந்து விழுகிற 110 கிலோ உடம்புக்கு அந்த ஒப்புதல் வாக்குமூலமெல்லாம் தெரியாது. ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய ஃபோம், கேன்வாஸ். அவ்வளவுதான். அதில் எப்படி விழுவது என்பதையே மாதக்கணக்கில் பழகுகிறார்கள்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, மேல்முதுகு மொத்தமும் ஒரே நேரத்தில் படும்படி. அப்படிப் பழகியவர்களே என்னைப் போன்றவர்களிடம் வந்து படுக்கிறார்கள்.

நானும் இருபது வருடமாக இதைப் பார்க்கிற ரசிகன். ரசிகர்கள் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: திடீரென்று ஏன் சாம்பியன் பெல்ட்டைப் பறித்தார்கள், நன்றாகப் போன கதையை ஏன் நிறுத்தினார்கள், இவருக்கு எதற்கு இவ்வளவு சீக்கிரம் தோல்வி? கதை இலாகாவைத் திட்டுவதற்கு முன்னால் எலும்பு வார்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள் என்பேன்.

2015 நவம்பரில் டப்ளினில் நடந்த ஓர் ஆட்டத்தில், அப்போது சாம்பியனாக இருந்த செத் ராலின்ஸின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. சாம்பியன் பட்டம் காலியானது, அவசரமாக ஒரு டோர்னமென்ட் வைத்தார்கள். அடுத்த வருடம் சம்மர்ஸ்லாம் என்கிற வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியில் ஃபின் பாலரைத் தடுப்புச் சுவர்மேல் தூக்கி எறிந்தது அதே ராலின்ஸ். தோள் மூட்டு நழுவியது. பாலர் அதைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டு ஆட்டத்தை முடித்து, பட்டத்தையும் ஜெயித்து, மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தார். (தயவுசெய்து வீட்டில் யாரும் நழுவிய மூட்டை இழுத்துத் தள்ளிப் பார்க்காதீர்கள். நரம்பும் ரத்தக் குழாயும் நடுவில் மாட்டினால் கையே போகும்.)

இதில் எனக்கு மறக்கவே முடியாதது 1997 சம்மர்ஸ்லாம். ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்தபடி தொப்பென்று உட்கார்ந்தார். அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள்: ஆஸ்டினின் தலை, ஓவனின் தொடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த எடையும் உச்சந்தலை வழியாகக் கழுத்தில் இறங்கியது. சிறிது நேரம் கைகால் அசையவில்லை. ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தி நேரத்தைக் கடத்துகிறார். ஆஸ்டின் தவழ்ந்து வந்து, ஓவனை ஒப்புக்கு ஒரு சுருட்டல் சுருட்டி, தோளைத் தரையில் பட வைத்து ஜெயிக்கிறார். இவ்வளவு பெரிய வீரர் இப்படியா ஜெயிப்பது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்கும். அதைவிட வேறொன்றும் அவரால் முடியவில்லை.

அப்புறம் மருத்துவர்கள் அனுமதி தரவில்லை. கதை இலாகா அதையே கதையாக்கியது. செப்டம்பரில் முதலாளி மக்மேன் ரிங்குக்குள் வந்து உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று அக்கறையாகப் பேச, ஆஸ்டின் அவரையே அடித்துப் போட்டார். பின்னால் உலகமே பார்த்த முதலாளி–தொழிலாளி சண்டை அங்கேதான் சூடு பிடித்தது. 1999 நவம்பரில் ஆஸ்டின் மேல் கார் ஏற்றியதாகக் காட்டினார்களே, ஏற்றியது யார் என்று ஏறக்குறைய ஒரு வருடம் ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களே, அதன் பின்னாலும் இருந்தது, கழுத்து அறுவை சிகிச்சைக்காக அவர் ஒதுங்க வேண்டியிருந்ததுதான்.

எல்லாவற்றுக்கும் உடம்புதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. 2023-இல் ரெஸில்மேனியா என்கிற, வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியில் கோடி ரோட்ஸைத் தோற்க வைத்தது யாரோ போட்ட கணக்கு. எனக்கும் கோபம்தான். ஆனால் அதே கோடி, 2022 ஜூனில் நெஞ்சுச் சதை எலும்பிலிருந்து கிழிந்த நிலையில் வந்து ஆடினாரே, நெஞ்சிலிருந்து கை வரை கத்தரிக்காய் நிறத்தில்? அதைப் பற்றி இன்னமும் கேட்கிறார்கள்: "மேக்கப்பா சார்?" இல்லை. கிழிந்த சதையிலிருந்து கசிந்த ரத்தம் தோலுக்கடியில் பரவினால் அப்படித்தான் இருக்கும். என்னிடம் கேட்டிருந்தால் அவரை ரிங் பக்கமே விட்டிருக்க மாட்டேன்.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன். ரெஸில்மேனியாவில் 21 முறை ஜெயித்த அண்டர்டேக்கர், 2014 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னரிடம் தோற்றார். முடிவு மக்மேனுடையது. லெஸ்னரை யாராலும் அசைக்க முடியாத ஆளாகக் காட்ட வேண்டியிருந்தது. "ஆனா ஒண்ணு தெரியுமா?" என்றேன். "ஆட்டத்துக்கு நடுவுல தலையில அடிபட்டு மூளை அதிர்ச்சி ஆயிடுச்சு அவருக்கு. 25 நிமிஷம் ஆடினதுல ஒண்ணுமே ஞாபகம் இல்லைன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார்."

"நடந்தாரே சார்?"

நடப்பார். அதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். மூளை அதிர்ச்சிக்கு மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, வாந்தி, வெளிச்சம் கூசுவது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது. இதில் வாந்தி நிற்காவிட்டாலோ கடைசி மூன்றில் ஒன்று தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மற்றவை என்றால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கிடையாது. விழுந்தவுடன் கை கால் மரத்துப்போகிறது, கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்கவே கூடாது. தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரிங்கில் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிஜமாகவே அடிபட்டுவிட்டது, ஆள் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். சில நேரம் அதையும் கதைக்காகப் பிடிக்கிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். கட்டில்மேல் ஆடுகிற பிள்ளைகளுக்கு அந்த நடுவரும் இல்லை.

பையன் பேசாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"தம்பி, நீ விழுந்தப்போ தலை தரையில பட்டுச்சா?"

"லைட்டா, சார்."

கேஸ் ஷீட்டில் அது இல்லை. காறை எலும்பு வலியில் கத்திக்கொண்டு வந்தவனிடம் தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, அன்று ராத்திரி இரண்டு முறை வாந்தி எடுத்தான், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம் என்றார். இப்போதும் புத்தகத்தை எடுத்தால் கால் மணி நேரத்தில் தலை வலிக்கிறதாம். படிக்காமல் இருக்கச் சாக்கு சொல்கிறான் என்று வீட்டில் திட்டு.

கையை மெதுவாக இறக்கிவிட்டு, நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மேசையிலிருந்து இறங்கிச் சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போட்டுக்கொண்டே பையன் கேட்டான்: "அப்போ தோத்ததே அவருக்குத் தெரியாதா சார்?"