பிளேன் மரத்தின் பட்டையைச் சுரண்டாதீர்கள்

"மரத்துக்குத் தோல் வியாதி வந்துவிட்டது, பட்டை தகடு தகடாக விழுகிறது." ஜூலை பிறந்தால் லண்டனில் மரப் பராமரிப்பு செய்பவர்களுக்குத் தவறாமல் வரும் அழைப்பு இது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வைத்தியமே முடிந்திருக்கும்: கம்பி பிரஷ் போட்டு அடிமரத்தைச் சுரண்டி, அதன்மேல் தாரோ பெயின்டோ பூசியிருப்பார்கள். ஊரில் சாலையோரப் புளியமரத்துக்கு அடிப்பது போலச் சுண்ணாம்பு அடித்து வைத்தவர்களும் உண்டு.

லண்டன் தெருக்களிலும் சதுக்கங்களிலும் பரவலாக நிற்கும் பெரிய நிழல்மரமான பிளேன் மரம் பட்டை உரிக்கும். அது அதன் சுபாவம். கொய்யா மரம் உரிக்கவில்லையா? ஆற்றங்கரை மருதமரம் உரிக்கவில்லையா? அவற்றுக்கு யாராவது வைத்தியம் பார்த்தோமா? பிளேனின் வெளிப்பட்டை இறுகிய ஓடு. உள்ளே மரம் பருக்கும்போது அது நீண்டு கொடுக்காது; வெடித்துக் கழன்று விழும். அடியில் தெரிகிற வெளிர்மஞ்சளும் பச்சையும் புண் அல்ல, உயிருள்ள புதுப் பட்டை. நீங்கள் பிரஷ் போட்டுத் தேய்ப்பது அதைத்தான். மழை குறைந்து வெயில் காயும் கோடையில் கூடை கூடையாக உரியும், அதுவும் சரிதான். லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் 1789-இல் நட்ட மரங்கள் இன்றும் உரித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

ஏப்ரல், மே மாதங்களில் குளிரும் மழையும் சேர்ந்து வந்தால் இளந்தளிர் நரம்போரமாகக் கருகிக் கொட்டும். இது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். மருந்து வேண்டாம், விழுந்ததைக் கூட்டி அள்ளுங்கள், கோடை தொடங்கும்போது மறுதளிர் வந்துவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது மசாரியா, கிளைகளைத் தாக்கும் பூஞ்சை நோய். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் தரையிலிருந்து அது கண்ணில் படாது. கிளை தண்டோடு சேரும் இடத்திலிருந்து, கிளையின் மேல்பக்கத்தில் மட்டும் பட்டை நீளவாக்கில் செத்துக் கறுத்துப்போகும். அடிப்பக்கம் உயிரோடு இருப்பதால் நுனியில் இலை பச்சையாகவே இருக்கும். சில மாதங்களில் கிளை முறிந்து விழும். வறண்ட கோடைக்குப் பின் கார் நிறுத்துமிடம், நடைபாதை, ஊஞ்சல் ஆகியவற்றுக்கு மேல் நீளும் கிளைகளை மேலேறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறுவது தொழில்காரர் வேலை, உங்கள் வேலை அல்ல.

"பிளேனை எப்படி வெட்டினாலும் தாங்கும்" என்பது பாதி உண்மை. இளமரமாக இருக்கும்போதே தொடங்கி, 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை குளிர்காலத்தில், முன்பு வெட்டிய அதே முடிச்சு வரை மட்டும் கிளைகளைக் கழிப்பது பொலார்டிங். வளர்ந்த மரத்தை நடுவில் மொட்டையடிப்பது பொலார்டிங் அல்ல. வெட்டுவாய் உளுத்துப்போகும், அதன் ஓரத்தில் கொத்தாக வரும் கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது, பருத்ததும் பிய்த்துக்கொண்டு விழும். இன்னொன்று: கன்சர்வேஷன் ஏரியாவில், அதாவது பழமை கெடாமல் காக்க கவுன்சில் அறிவித்த பகுதியில், உங்கள் சொந்த மரமாக இருந்தாலும், தண்டு 1.5 மீட்டர் உயரத்தில் 7.5 செ.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால், வெட்டுவதற்கு 6 வாரம் முன்பே கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெட்டக்கூடாதென்று கவுன்சில் போட்ட பாதுகாப்பு ஆணை உள்ள மரமென்றால் அனுமதி வந்த பிறகே ரம்பத்தைத் தொடலாம். தெரியாது என்று சொன்னால் அபராதம் குறையாது.

புதிதாக நடுபவர்கள் முதலில் இடத்தைப் பாருங்கள்: 30 மீட்டர் உயரக்கூடிய மரம் இது, சின்ன பின்தோட்டத்துக்கு வேண்டாம். இடம் இருந்தால் நவம்பர் முதல் மார்ச் வரை நடலாம். குழி வேர்க்கட்டியைப் போல 2, 3 மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் கட்டியின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஈரம் காக்க மண்மேல் பரப்பும் மூடாக்கு 7 செ.மீ. போதும், தண்டில் படக்கூடாது. முதல் இரண்டு கோடைக்கு, மழையில்லாத வாரம் 50 லிட்டர் தண்ணீரை ஒரே தடவையில், மெதுவாக. தினமும் அரை வாளி தெளிப்பது மேல்மண்ணைத்தான் நனைக்கும். இலையின் அடியிலும் காயிலும் உள்ள நுண்மயிர் தொண்டையையும் கண்ணையும் அரிக்கும். உலர்ந்த இலை கூட்டும்போது முகக்கவசம் போடுங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்பது ஒன்று. தென்பிரான்சில் கனால் டு மிதி கால்வாய்க் கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. அங்கே 2006-இல் பிளேனைக் கொல்லும் பூஞ்சை நோயான புற்றுக்கறை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது, ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்தார்கள். ரம்பம், மரத்தூள், பக்கத்து மரத்தோடு ஒட்டிக்கொண்ட வேர் என எதன் வழியாகவும் அது பரவும். பிரிட்டன் இன்னும் தப்பியிருக்கிறது. விடுமுறைக்குப் போன இடத்தில் குச்சி ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு வராதீர்கள்.