உதிராத துணுக்கு: 2000-ல் புளோரிடா வாக்களித்த விதம்

எள்ளைவிடச் சற்றே பெரிய காகிதத் துணுக்கு அது. துளையிட்டு வாக்களித்த அட்டையிலிருந்து உதிர்ந்தால் ஒரு வாக்கு. உதிராமல் ஒட்டிக்கொண்டால் வெறும் அட்டை. அமெரிக்கத் தேர்தல் அலுவலகங்களில் அதற்கு 'சாட்' என்று பெயர்.

2000 நவம்பர் 7 அன்று நடந்த அதிபர் தேர்தலில் புளோரிடாவில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாக்களித்தார்கள். முடிவில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு 29,12,790 வாக்குகள், அல் கோருக்கு 29,12,253. வித்தியாசம் 537. அமெரிக்காவில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியான தேர்வாளர்கள். புளோரிடாவில் முந்தியவருக்கே அதன் 25 தேர்வாளர் வாக்குகளும் என்பது விதி. அவற்றையும் சேர்த்து 271 பெற்று புஷ் அதிபரானார்.

பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்ததும் முதலில் கேட்பது அதன் மீச்சிற்றளவு, அதாவது அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, என்ன என்பதைத்தான். அதற்குக் கீழே கருவி காட்டும் எதையும் நம்பக் கூடாது. வாக்கு எண்ணும் முறையும் ஓர் அளவுகருவிதான். புளோரிடாவில் வித்தியாசம் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே தேர்தலில், அதிபர் பதவிக்கான வாக்கு பதிவாகவில்லை என்று ஒதுக்கப்பட்ட சீட்டுகள் சுமார் 1,75,000. சிலர் வேண்டுமென்றே அந்தப் பகுதியை விட்டிருக்கலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், விறகு நிறுக்கும் தராசில் தங்கம் நிறுத்த கதைதான் இது.

பாம் பீச் போன்ற பெரிய கவுண்டிகள் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) வைத்திருந்த தராசின் பெயர் வோட்டோமேட்டிக். ஜோசப் ஹாரிஸ் என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர், ஐபிஎம் நிறுவனத்தின் கையடக்கத் துளையிடும் கருவியைப் பார்த்து 1960-களில் உருவாக்கியது. வாக்காளர் ஓர் அட்டையைச் சட்டத்துக்குள் செருகுவார். மேலே புத்தகம்போல் பக்கங்கள் புரளும். பெயர்கள் எல்லாம் அந்தப் பக்கங்களில். கீழே இருக்கும் அட்டையில் எண்கள் மட்டுமே. பெயருக்கு நேரே உள்ள துளையில் கூர்முனைக் குச்சியைக் குத்தினால், முன்பே விளிம்பு கீறி வைத்த துணுக்கு, அடியிலுள்ள ரப்பர் பட்டைகளின் இடுக்கு வழியே விழ வேண்டும். அட்டையை வெளியே எடுத்த பிறகு யாருக்குக் குத்தினோம் என்று சரிபார்க்க வழியில்லை, ஏனென்றால் அதில் பெயரே கிடையாது. இந்தக் கருவியின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

ரப்பர் இறுகியிருந்தால், குச்சியைச் சாய்த்துக் குத்தினால், அடியில் பழைய துணுக்குகள் குவிந்திருந்தால் சாட் முழுதாக விழாது. ஒரு மூலையில் தொங்கும், அல்லது வெறுமனே குழிந்து நிற்கும். எண்ணும் இயந்திரம் அட்டையின் வழியே ஒளியைப் பாய்ச்சித் துளையைத் தேடுகிறது. தொங்கும் துணுக்கு கதவுபோல மூடிக்கொண்டால் ஒளி நுழையாது, வாக்கும் பதிவாகாது. அதே அட்டை மறுபடி இயந்திரத்துக்குள் ஓடும்போது கதவு பிய்ந்து விழலாம். மறு எண்ணிக்கையில் எண்கள் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் 1,784 ஆக இருந்த புஷ்ஷின் முன்னிலை, இயந்திரங்கள் மீண்டும் எண்ணியபோது 327 ஆகச் சுருங்கியது.

பாம் பீச்சில் இன்னொரு சிக்கல். வேட்பாளர்கள் பத்துப் பேர். முதியோர் நிறைந்த ஊராயிற்றே, எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று தேர்தல் அதிகாரி பெயர்களை இரு பக்கங்களில் பரப்பி, துளைகளை நடுவில் வைத்தார். பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பெயர்பெற்றது அதுதான். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் கோர். ஆனால் இரண்டாவது துளை, வலப்பக்கத்திலிருந்த சீர்திருத்தக் கட்சி வேட்பாளர் பாட் புக்கனனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. அக்கறையோடு செய்த மாற்றம் பல ஆயிரம் பேரின் கையைத் தடம் மாற்றிவிட்டது. புக்கனன் அங்கே 3,400-க்கும் மேல் வாக்குகள் பெற்றார். இரண்டு துளையிட்டுச் செல்லாமல் போன சீட்டுகள் 19,000-ஐத் தாண்டின.

குழப்பம்தான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? 2001-ல் வெளியான ஓர் ஆய்வு அழகான வழியைக் கண்டது. அதே கவுண்டியில் தபாலில் வாக்களித்தவர்களுக்குப் பட்டாம்பூச்சி அமைப்பு இல்லை. அவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில்தான் புக்கனனைத் தேர்ந்தெடுத்தார்கள். சாவடிக்குப் போனவர்களிடம் அந்த விகிதம் எட்டைத் தாண்டியது. கோருக்குப் போயிருக்க வேண்டிய 2,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் புக்கனனிடம் போய்ச் சேர்ந்தன என்பது ஆய்வின் முடிவு.

2000 டிசம்பர் 12-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைமுறை மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மறு ஆண்டு பத்திரிகைகள் கூட்டாக ஏற்பாடு செய்த ஆய்வு, ஒதுக்கப்பட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கோர் கேட்டபடி நான்கு கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ் 225 வாக்கில் வென்றிருப்பார். மாநிலம் முழுவதும் ஒதுக்கிய எல்லாச் சீட்டுகளையும் எண்ணியிருந்தால் கோர் முந்தியிருப்பார். எதை வாக்கென்று ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து அவருடைய முன்னிலை 60 முதல் 171 வரை.

துளை அட்டையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் கேட்ஸ்டன் கவுண்டியில் சீட்டில் பேனாவால் குறியிட்டார்கள். அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு சீட்டுகள் வீணாயின, மாநிலத்திலேயே அதுதான் அதிகம். வேட்பாளர் பட்டியல் இரண்டு பத்திகளாக உடைந்திருந்ததால் பத்திக்கு ஒன்றாகக் குறியிட்டவர்கள் பலர். பக்கத்துக் கவுண்டியான லியோனிலும் பேனா குறிதான், ஆனால் வீணானது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. லியோனில் எண்ணும் இயந்திரம் சாவடியிலேயே இருந்தது. இரண்டு குறி இருந்தால் சீட்டை வெளியே தள்ளும், வாக்காளர் புதுச் சீட்டு வாங்கிக்கொள்வார். கேட்ஸ்டனில் சீட்டுகள் ஒரே இடத்துக்குப் போய் எண்ணப்பட்டன. பிழை தெரியவந்தபோது அதைச் செய்தவர் வீட்டுக்குப் போயிருந்தார்.