இலைச்சாறு செல்லைக் கொன்னுருச்சு, சரி, கொன்னது எது?

"இந்த இலை கேன்சர் செல்லைக் கொல்லுது"ன்னு அப்பப்போ ஒரு ஃபார்வர்ட் வந்துட்டே இருக்கும். முழுப் பொய்னும் சொல்ல முடியாது, ஏதோ ஒரு லேப்ல அப்படி ஒண்ணு நிஜமாவே நடந்துருக்கும். ஆனா தட்டுல வளர்ற செல்லைக் கொல்றது ஒண்ணும் பெரிய வித்தையில்ல, உப்பை அள்ளிக் கொட்டுனாலும் சாகும், ஆல்கஹால் ஊத்துனாலும் சாகும். ஒரு செடியோட எக்ஸ்ட்ராக்ட்ல, அதாவது ஊறவச்சு இறக்குன சாறுல, நூத்துக்கணக்குல கெமிக்கல் கலந்து கிடக்கும், அதுல வேலை பாத்தது எது, எவ்வளவு கொஞ்ச அளவுல பாத்துச்சு, நல்ல செல்லை விட்டு வச்சுதா, இதைக் கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்குல ஆகுது.

முதல்ல செடி எதுன்னு உறுதி பண்ணணும். ஒரே பேர்ல நாலு செடி இருக்கும், அதனால தாவரவியல் ஆள் பாத்து சொல்லி, ஒரு கிளையைக் காயவச்சு அழுத்தி, நம்பர் போட்டு ஹெர்பேரியத்துல, அதாவது காஞ்ச செடிங்களைச் சேத்து வைக்கிற இடத்துல, வச்சுருவாங்க. இதை விட்டுட்டா பின்னாடி வேற யாராலயும் அதே சோதனையைத் திருப்பிச் செய்ய முடியாது.

அப்புறம் சால்வென்ட், அதாவது எதுல ஊறவைக்கிறதுங்கறது. ஹெக்ஸேன்ல போட்டா மெழுகு, கொழுப்பு மாதிரி ஐட்டம் இறங்கும், மெத்தனால், தண்ணின்னு போனா தண்ணில கரையுற சங்கதிங்க வரும். இது சில்லறை விஷயம்னு நினைக்காதீங்க, மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் கதையே இதுலதான் திரும்புச்சு. 1967ல சீனாவுல ஆரம்பிச்ச ரகசிய ப்ராஜெக்ட்ல தூ யூயூங்கற விஞ்ஞானியோட டீம் 200 மூலிகைகிட்ட எடுத்து, அதுல இருந்து 380 எக்ஸ்ட்ராக்ட் வரைக்கும் எலிகிட்ட டெஸ்ட் பண்ணுனாங்க. அதுல ஒரு செடி (பின்னாடி ஆர்ட்டெமிசினின் கிடைச்சது இதுலதான்) ஒருதடவை நல்லா வேலை செய்யும், அடுத்த தடவை சொதப்பும். 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கெ ஹோங் எழுதி வச்சிருந்ததுல, அந்தச் செடியைத் தண்ணில ஊறவச்சு பிழிஞ்சு குடிக்கணும்னுதான் இருந்துச்சு, கொதிக்க வைக்கிற பேச்சே இல்ல. அப்போ சூடுதான் கெடுக்குதோன்னு தூ யூயூவுக்குத் தோணி, சுமார் 35 டிகிரிலயே கொதிக்கிற ஈதரை வச்சு எடுத்தாங்க. 1971 அக்டோபர்ல 191ஆம் சாம்பிள், எலி ரத்தத்துல மலேரியா ஒட்டுண்ணியே இல்லாம துடைச்சுப் போட்டுருச்சு. 2015ல நோபல்.

சரி, எக்ஸ்ட்ராக்ட் கிடைச்சாச்சு, 96 குழி இருக்குற ப்ளாஸ்டிக் ப்ளேட்ல வரிசையா அளவைக் குறைச்சுக் குறைச்சு ஊத்தி, எந்த அளவுல பாதி செல் சாகுதுன்னு பாக்குறாங்க. பக்கத்துலயே வெறும் சால்வென்ட் மட்டும் ஊத்துன குழியும், ஏற்கனவே தெரிஞ்ச மருந்து ஊத்துன குழியும் இருக்கணும், இல்லன்னா அந்த ரிசல்ட்டுக்கு மதிப்பே இல்ல. எனக்கு இந்த ஸ்டெப்தான் ரொம்ப சுவாரஸ்யம், ஏன்னா செடி நம்மள விதவிதமா ஏமாத்துறது இங்கதான். டானின்ங்கற துவர்ப்புச் சரக்கு இருந்தா கண்ட புரோட்டீனையும் பிடிச்சுக் கட்டி இழுத்துரும், எந்த என்சைமை வச்சு டெஸ்ட் பண்ணாலும் "அடக்கிருச்சு"ன்னுதான் ரிசல்ட் வரும். சபோனின்ங்கற நுரை வர்ற சரக்கு செல்லோட சவ்வையே ஓட்டை போடும், அதுக்கு கேன்சர் செல், நல்ல செல்லுன்னு எந்த வித்தியாசமும் கிடையாது. எம்டிடின்னு ஒரு டெஸ்ட், உயிரோட இருக்குற செல் மஞ்சள் சாயத்தை ஊதாவா மாத்தும், ஆனா செடில இருக்குற பாலிபீனால்ங்கற கெமிக்கல்ல சிலது செல்லே இல்லாமயே அதை ஊதாவாக்கிரும், அப்ப செத்த குழியும் உயிரோட இருக்குற மாதிரி தெரியும். இதையெல்லாம் கழிச்சு மிஞ்சுறதைத்தான் அடுத்த கட்டத்துக்கு எடுத்துட்டுப் போகணும்.

அடுத்தது பிரிக்கிற வேலை. சிலிக்காங்கற மணல் மாதிரி பொடி நிரப்பின கண்ணாடிக் குழாய் வழியா எக்ஸ்ட்ராக்டை விட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல இறங்கும், பங்கு பங்கா பிடிச்சு எல்லாத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணி, வேலை செய்யுற பங்கை மட்டும் இன்னும் பிரிச்சு, கடைசில ஒரே மூலக்கூறு வர்ற வரைக்கும் போகணும். நடுவுல மூலக்கூறோட எடையை அளக்குற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல போட்டு, இது ஏற்கனவே தெரிஞ்ச சரக்கான்னு பாத்துக்கணும், இல்லன்னா மாசக்கணக்குல உழைச்சு கடைசில பழைய கெமிக்கலையே "கண்டுபிடிச்சு" நிப்போம். புதுசுன்னா அணு அணுவா எப்படி இணைஞ்சிருக்குன்னு காந்தத்தை வச்சு பாக்குற என்எம்ஆர்ங்கற கருவி சொல்லும். சில சமயம் பிரிக்கப் பிரிக்க வீரியமே காணாமப் போயிரும், ரெண்டு மூணு கெமிக்கல் சேந்து பண்ணுன வேலையா இருக்கும், இல்ல ஒண்ணு வழியிலயே சிதைஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, எதைத் தேடுறோமோ அதுதான் கிடைக்கும்னு இல்ல. நித்திய கல்யாணியை சுகருக்கு ஆகுமான்னு கனடாவுல ராபர்ட் நோபிள் குழு பாத்துச்சு, சுகர் இறங்கல, எலிங்களோட வெள்ளையணு சரசரன்னு இறங்குச்சு. அதைத் துரத்திப் போனதுலதான் 1958ல வின்பிளாஸ்டின்ங்கற கேன்சர் மருந்து வெளிய தெரிஞ்சுது.

ஒத்த மூலக்கூறு கையில வந்தாலும் அது வயித்தைத் தாண்டி ரத்தத்துக்குப் போகுமாங்கறது தனிக்கதை. மஞ்சள்ல இருக்குற குர்குமின் லேப்ல எல்லா நோய்க்கும் வேலை செய்யுற மாதிரி காட்டும், ஆனா அதுக்கு ஒளிரும் தன்மை வேற இருக்கு, கண்ட புரோட்டீன்லயும் போய் ஒட்டிக்கும், அதனாலயே பல டெஸ்ட்ல பொய்யா ரிசல்ட் கொடுக்கும். வாய் வழியா சாப்பிட்டா ரத்தத்துல பேருக்குத்தான் தெரியும், உடம்பு அதை வேகமா உடைச்சு வெளிய அனுப்பிரும். 2017ல மருந்து வேதியியல் ஆட்கள் அதுவரைக்கும் வந்த ஆய்வை எல்லாம் அலசிட்டு, போலி மாத்திரையோட ஒப்பிட்டு யாருக்கு எது கொடுத்தோம்னு ரெண்டு பக்கமும் தெரியாம நடத்துன சோதனை ஒண்ணுல கூட அது ஜெயிக்கலைன்னு எழுதுனாங்க.