படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிறதா?

விடியற்காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்ததும் மின்விசிறியோடு கூரையும் சேர்ந்து சுற்றும். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அசையாமல் கிடந்தால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பரணில் பாத்திரம் எடுக்க அண்ணாந்தால் மறுபடி வரும். பித்தம், லோ பிபி என்று நினைப்பவர்கள் உண்டு. கழுத்தெலும்பு தேய்மானம் என்று காலர் போட்டு வருபவர்களும் உண்டு. இப்படிப் புரளும்போது மட்டும் வந்து போகும் சுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் உட்செவிதான்.

அங்கே ஒரு சிறு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை பிய்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை நின்ற பிறகும் குழாயிலுள்ள நீரை நகர்த்திக்கொண்டே இருக்கும். உடம்பு இன்னும் சுழல்வதாக மூளைக்குச் சேதி போகும்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம். எலும்பு அடர்த்திக் குறைவும் வைட்டமின் டி குறைவும் கூடவே இருப்பதைப் பார்க்கிறோம். அடிக்கடி திரும்ப வருகிறதென்றால் வைட்டமின் டி அளவைப் பாருங்கள்; ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்வது திரும்ப வருவதைக் குறைக்கிறது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் பட்ட அடி, அறுவை சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் படுத்த படுக்கை, ஒற்றைத் தலைவலி, முன்பு வந்த உட்செவி நரம்பு அழற்சி ஆகியவையும் காரணமாகலாம்.

ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் ஊசிகள் உட்செவியில் செய்யும் சேதம் வேறு வகை. இரண்டு காதும் சேர்ந்து பழுதாவதால் சுற்றல் தெரியாது. இருட்டில் நடந்தால் தள்ளாடும், நடக்கும்போது எதிரே உள்ள எழுத்து குலுங்கும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஊசி போடும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

துகளை மாத்திரை கரைக்காது. தலையை 45 டிகிரி திருப்பி, படுக்கவைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை முதல் ஒரு நிமிடம் நிறுத்தும் எப்லி முறைதான் அதைப் பைக்குத் திருப்பி அனுப்பும். பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிவிடுகிறது. இதை விட்டுவிட்டு தலைசுற்றல் மாத்திரைகளான புரோகுளோர்பெரசினையோ சின்னாரிசினையோ மாதக்கணக்கில் விழுங்கும் முதியவர்களுக்குக் கைநடுக்கமும் நடை தளர்வும் வந்துவிடுவதுதான் எங்களை மிகவும் வருத்துகிறது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள்.

சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், ஒரு பக்கம் மரத்துப்போனால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.